விசுவாசம் மட்டும் போதுமா? பவுலும் யாக்கோபும் சொல்வது என்ன

உலு திராம்: ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி சாலையில் வருகிறவர்களுக்கு உலு திராம் இன்று தாமான்களும் கடைவரிசைகளும் நிறைந்த ஒரு நகரம். அதற்கு முன்பு இங்கே இருந்தது தோட்டம். முதலில் பால்மரம், பிறகு செம்பனை. தோட்டத்து லயத்திலிருந்து தாமான் வீட்டுக்கு இடம் மாறிய நம் குடும்பங்களில் சமயமும் பல கிளைகளாகப் பிரிந்து நிற்பது இப்போது புதுமையில்லை.

பாட்டி கத்தோலிக்கர், ஞாயிறு பூசையைத் தவறவிட மாட்டார். மகன் மெதடிஸ்ட் சபையில் திருமணம் செய்தவர். பேரப்பிள்ளைகள் கடைவரிசை மேல்மாடியில் கூடும் ஒரு புதிய சபைக்குப் போகிறார்கள். சம்பந்தி வீட்டார் மாரியம்மன் கோயிலில் தீமிதிப்பவர்கள். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரே மேசையில் சாப்பாடு. ஜொகூரில் இப்படிப்பட்ட குடும்பம் ஒன்றையாவது அறியாத வாசகர் இருக்க மாட்டார்.

சாதாரண நாளில் யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. மருத்துவமனைப் படுக்கையோ மரண வீடோ வரும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது: "தாத்தா இரட்சிக்கப்பட்டாரா?" அன்றிரவே குடும்பப் புலனக் குழுவில் வசனங்கள் பறக்கத் தொடங்கும். ஒருவர் ரோமர் 3:28-ஐ அனுப்புவார். நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் இல்லாமல், விசுவாசத்தால்தான் மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்பது அதன் பொருள். இன்னொருவர் யாக்கோபு 2:24-ஐப் பதிலாக வைப்பார். விசுவாசத்தால் மட்டுமல்ல, கிரியைகளாலும் மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறது அது. இரண்டும் ஒரே வேதாகமத்தில், ஒரே புதிய ஏற்பாட்டில் இருக்கின்றன. சொற்களும் ஏறக்குறைய அவையே. பார்த்த மாத்திரத்தில் ஒன்றை ஒன்று மறுப்பதுபோல் தெரிகின்றன.

எந்தச் சபை சரி என்று சொல்வது இந்தப் பக்கத்தின் வேலை அன்று. ஆனால், இவ்விரு வசனங்களும் எந்தச் சண்டையில் பிறந்தன, தமிழுக்கு எப்படி வந்து சேர்ந்தன என்று தெரிந்துகொண்டால் குடும்பப் புலனக் குழுவில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி குறையும் என்பது என் கணிப்பு.

இரண்டு கடிதங்கள், இரண்டு நோய்கள்

முதலில் நினைவில் கொள்ள வேண்டியது, இவை கடிதங்கள். இன்னொருவர் வீட்டுக் கடிதத்தின் நடுவிலிருந்து ஒரு வரியை மட்டும் வாசித்தால் எப்படிப் புரியும்? யாருக்கு எழுதினார், அங்கே என்ன தகராறு என்பது தெரிய வேண்டும்.

பவுல் எதிர்கொண்ட தகராறு இது. இயேசுவின் முதல் சீடர்கள் யூதர்கள். பிறகு கிரேக்கரும் ரோமரும் பிற இனத்தாரும் சபைக்குள் வந்தார்கள். அவர்களும் யூதரைப்போல் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா, உணவு விதிகளையும் ஓய்வுநாளையும் கடைப்பிடிக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. 'கட்டாயம் வேண்டும்' என்று ஒரு தரப்பு கலாத்திய நாட்டுச் சபைகளுக்குள் புகுந்து போதித்தது. பவுல் கொதித்துப்போய் எழுதியதுதான் கலாத்தியருக்கு எழுதிய நிருபம். ரோமருக்கு எழுதும்போது அதே கருத்தை நிதானமாக விரித்து எழுதினார். 'வெளியிலிருந்து வந்தவன் உள்ளே உட்கார என்ன தகுதி வேண்டும்?' என்பதே அவருடைய கேள்வி. தகுதி எதுவும் வேண்டாம், கிறிஸ்துவில் வைக்கும் விசுவாசமே போதும் என்பது அவர் பதில்.

யாக்கோபு எதிர்கொண்ட நோய் வேறு. அவருடைய கடிதத்தின் 2-ஆம் அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து படித்தால் அது தெரியும். சபைக் கூட்டத்துக்குத் தங்க மோதிரமும் நல்ல துணியும் அணிந்த ஒருவர் வருகிறார். அவருக்கு நல்ல இருக்கை கிடைக்கிறது. அழுக்குத் துணியோடு ஓர் ஏழை வருகிறார். அங்கே நில் அல்லது என் காலடியில் உட்கார் என்கிறார்கள். சாப்பாடும் துணியும் இல்லாத சகோதரனிடம் ஒன்றும் கொடுக்காமல் 'சமாதானமாகப் போ, குளிர்காய்ந்து பசியாறு' என்று வாயால் வாழ்த்தி அனுப்புகிறார்கள். 'எங்களுக்குத்தான் விசுவாசம் இருக்கிறதே' என்று சொல்லிக்கொள்ளும் இவர்களைப் பார்த்துத்தான் யாக்கோபு கேட்கிறார்: அந்த விசுவாசத்தால் யாருக்கு என்ன பயன்? கடவுள் ஒருவர் என்று பிசாசுகளும்தான் நம்பி நடுங்குகின்றன என்று ஒரு குத்தலும் வைக்கிறார். 5-ஆம் அதிகாரத்தில் வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்த முதலாளிகளிடம், அந்தக் கூலியே உங்களுக்கு எதிராகக் கூக்குரலிடுகிறது என்கிறார். தோட்டத்தில் சம்பளம் நிறுத்தப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

ஆக, பவுல் மறுக்கும் 'கிரியை' உள்ளே நுழையக் கேட்கப்படும் அனுமதிச் சீட்டு. யாக்கோபு கேட்கும் 'கிரியை' உள்ளே வந்தவர் பக்கத்தில் இருப்பவருக்குச் செய்ய வேண்டியது. பவுல் சொல்லும் 'விசுவாசம்' தன்னையே ஒப்படைத்தல். யாக்கோபு குறைசொல்லும் 'விசுவாசம்' வாயால் ஒத்துக்கொள்ளுதல். சொல் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றல்ல.

இருவருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள் என்பது இதில் சுவையான இடம். ஆபிரகாம் கடவுளை நம்பினார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்னும் ஆதியாகமம் 15:6-ஐ ரோமர் 4-உம் எடுத்துக்காட்டுகிறது, யாக்கோபு 2-உம் எடுத்துக்காட்டுகிறது. பவுல் அங்கிருந்து முன்பின் கணக்குப் பார்க்கிறார்: ஆபிரகாம் நம்பியது 15-ஆம் அதிகாரத்தில், விருத்தசேதனம் 17-ஆம் அதிகாரத்தில். இடையில் குறைந்தது 13 ஆண்டுகள். சடங்கு வருமுன்பே கடவுள் அவரை ஏற்றுக்கொண்டுவிட்டார் அல்லவா என்கிறார். யாக்கோபு அதே ஆபிரகாமை 22-ஆம் அதிகாரத்துக்கு அழைத்துச் செல்கிறார். மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்தபோதுதான் அந்த நம்பிக்கை முழுமை அடைந்தது என்கிறார். ஒருவர் தொடக்கத்தைப் பார்க்கிறார், மற்றவர் அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பார்க்கிறார்.

நம் ஊர்ப் பிரசங்கங்களில் அதிகம் மனப்பாடம் செய்யப்படும் எபேசியர் 2:8-9 பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கிருபையால், விசுவாசத்தின் வழியாக இரட்சிப்பு. அது கடவுளின் ஈவு, யாரும் பெருமை பேசக்கூடாது என்பதோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வரி, 10-ஆம் வசனம், நற்செயல்கள் செய்வதற்காகவே நாம் படைக்கப்பட்டோம் என்கிறது. ஒரு வசனம் தள்ளிப் படித்திருந்தால் பல மணிநேர விவாதம் மிச்சமாகியிருக்கும்.

தமிழ்ச் சொற்கள் செய்யும் வேலை

இனி நம் மொழிப் பக்கம் வருவோம். என் படிப்பு தமிழ் என்பதால் இந்தப் பகுதியில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஜெர்மனியைச் சேர்ந்த லூத்தரன் போதகர் பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அங்கேயே அச்சாகி முடிந்தது. 'விசுவாசத்தால் மட்டுமே' என்பதை உயிர்நாடியாகக் கொண்ட சபையிலிருந்து வந்தவர் அவர். பின்னர் 1740-இல் வந்த பப்ரிசியுஸ் ஒரு மொழிபெயர்ப்பைச் செய்தார்; லூத்தரன் சபையார் அதை நெடுங்காலம் கைவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் பர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் வேறு யாருமல்லர், சைவம் வளர்த்த ஆறுமுக நாவலர்தான். பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-இல் முழுமையாக வெளிவந்ததே இன்று 'பழைய திருப்புதல்' என்று நம் வீடுகளில் இருக்கும் கறுப்பு அட்டை வேதாகமம். கப்பலேறி மலாயாவுக்கு வந்த கிறிஸ்தவத் தமிழர்களோடு இந்தச் சொற்களும் வந்தன. கத்தோலிக்கரும் பிற சபைகளின் அறிஞர்களும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' 1995-இல் வந்தது. பாட்டி பூசையில் கேட்பது திருவிவிலியம். பேரன் மேல்மாடிச் சபையில் படிப்பது பழைய திருப்புதல். சண்டை போடும் இருவரும் ஒரே சொற்களைப் பேசுவதுகூட இல்லை.

'விசுவாசம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தேவாலயத்துக்கு வெளியே அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள்? நாய்க்கு விசுவாசம் உண்டு என்கிறோம். முதலாளிக்கு விசுவாசமாக இருந்தார் என்கிறோம். 2019-இல் வந்த அஜித் படத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தவர்கள் ரோமரையா நினைத்தார்கள்? மாறாத பற்று, உண்மையாக இருத்தல் என்பதே தெருவில் வழங்கும் பொருள். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'பிஸ்திஸ்' இந்த இரண்டையும் தாங்கும்: ஒருவரை நம்புதலும் அதுதான், நம்பத்தக்கவராக நடந்துகொள்ளுதலும் அதுதான். ரோமர் 3:3-இல் அதே சொல் கடவுளைக் குறித்து வரும்போது பழைய திருப்புதல் அதை 'உண்மை' என்று மாற்றிக்கொள்கிறது. திருவிவிலியம் 'விசுவாசம்' வரும் இடங்களில் 'நம்பிக்கை' என்று எழுதுகிறது. எளிதாகப் புரியும். ஆனால் 'நாளைக்கு மழை வரும் என்று நம்புகிறேன்' என்பதிலும் அதே சொல்தான் இருக்கிறது. அந்த வகையில் பழைய சொல்லே மூலத்துக்கு ஒரு படி நெருக்கம் என்று எனக்குப் படுகிறது. விசுவாசம் என்றால் வாக்கு மாறாமல் நிற்பதும் அடக்கம் என்று தெரு வழக்கு தெரிந்த ஒருவருக்குப் பவுலுக்கும் யாக்கோபுக்கும் உள்ள தூரம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

அடுத்தது 'கிரியை'. இது இன்னும் சிக்கலானது. நாளிதழின் மரண அறிவித்தல் பக்கத்தைத் திறந்தால் 'கருமக்கிரியை' என்ற சொல்லைப் பார்க்கலாம். சைவ சித்தாந்தத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளில் இரண்டாவது அது. பூசை முறையைக் குறிக்கும். எனவே 'கிரியைகளினால் அல்ல' என்று கேட்கும் தமிழ்க் காதுக்கு 'சடங்கினால் அல்ல' என்றுதான் முதலில் விழும். நற்செயல், உதவி, உழைப்பு என்றெல்லாம் விழாது. இதில் ஒரு வியப்பு உண்டு. பவுல் 'நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்' என்று சொல்வது முதன்மையாக விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள் போன்ற யூத அடையாளங்களைத்தான் என்று 1977-இல் ஈ. பி. சாண்டர்ஸ் எழுதிய நூலுக்குப் பிறகு வேதாகம அறிஞர்களில் ஒரு பெரிய தரப்பு வாதிட்டு வருகிறது. அவர்கள் ஆங்கிலத்தில் பல நூறு பக்கம் எழுதி நிறுவ முயல்வது, தமிழில் அந்தச் சொல்லிலேயே பாதி ஒளிந்திருக்கிறது! மறுதரப்பு இதை ஏற்பதில்லை. ரோமர் 4:4-5-இல் பவுல் வேலை, கூலி என்று பொதுவாகவே பேசுகிறார். எந்த மனித முயற்சியையும் சேர்த்துத்தான் மறுக்கிறார் என்பது அவர்கள் வாதம். எனக்கு இரண்டாவது தரப்பின் வாதம் கனமாகத் தெரிகிறது. ஆனாலும் அந்தக் கடிதம் சடங்குத் தகராறில்தான் தொடங்கியது என்பதை அதுவும் மறுக்க முடியாது.

மூன்றாவது சொல் 'நீதிமானாக்கப்படுதல்'. இதற்கு நீதிமன்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். நீதிபதி அவரை விடுதலை என்று அறிவிக்கிறார். அந்த நொடியில் அவர் குணம் மாறிவிட்டதா? இல்லை, அவருடைய நிலை மாறிவிட்டது. லூத்தரன், சீர்திருத்தச் சபைகளின் போதனை ஏறக்குறைய இதுதான்: கடவுள் பாவியை நீதிமான் என்று அறிவிக்கிறார், குண மாற்றம் அதைத் தொடர்ந்து வரும். கத்தோலிக்கப் போதனையோ, கடவுளின் அருள் மனிதனை உள்ளேயும் புதிதாக்குகிறது, நீதிமானாக ஆக்கவும் செய்கிறது என்கிறது. இங்கே ஒரு வேடிக்கை: சீர்திருத்தச் சபைகளின் கையில் உள்ள பழைய திருப்புதல் 'ஆக்கப்படுதல்' என்கிறது, கத்தோலிக்கர் படிக்கும் திருவிவிலியம் 'கடவுளுக்கு ஏற்புடையவர்' என்கிறது. சொல்லை மட்டும் பார்த்தால் வேதாகமங்கள் கைமாறிவிட்டனவோ என்று தோன்றும்.

ஓர் ஏகாரம் மூட்டிய தீ

மார்ட்டின் லூத்தர் 1522-இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டபோது ரோமர் 3:28-இல் 'மட்டும்' என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்தார். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் இல்லை. எதிர்ப்பு கிளம்பியது. 1530-இல் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு திறந்த மடல் எழுதிப் பதில் சொன்னார். ஒன்றை மறுத்து இன்னொன்றை நிலைநாட்டும்போது ஜெர்மன் மொழி இயல்பாகவே அந்தச் சொல்லைக் கேட்கும், நம்பாவிட்டால் வீட்டிலிருக்கும் தாயிடமும் தெருவில் விளையாடும் பிள்ளைகளிடமும் சந்தையில் இருக்கும் மனிதனிடமும் கேட்டுப்பாருங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். மொழிபெயர்ப்பு பற்றி இதைவிட நல்ல அறிவுரை நான் படித்ததில்லை. அதே லூத்தர்தான் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்றும் சொன்னார். அது அவருடைய நல்ல நாளன்று.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தனிச்சொல் தேவைப்படவில்லை. பழைய திருப்புதலில் அந்த வசனத்தில் 'விசுவாசத்தினாலேயே' என்று இருக்கிறது. கடைசியில் நிற்கும் அந்த ஏகாரத்தைக் கவனியுங்கள். தொல்காப்பியம் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் சொல்கிறது: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. இந்த ஏகாரத்தைத் தேற்றமாக எடுத்தால் 'நிச்சயமாக விசுவாசத்தினால்' என்று பொருள். பிரிநிலையாக எடுத்தால் 'மற்றவற்றை விலக்கி, விசுவாசத்தினால் மட்டும்' என்று பொருள். ஐரோப்பாவில் பிளவை ஆழமாக்கிய ஒரு சொல்லைத் தமிழ் ஓர் எழுத்துக்குள் வைத்து, இரண்டு பொருளுக்கும் இடம் விட்டிருக்கிறது. யாக்கோபு 2:24-இலோ பழைய திருப்புதல் 'மாத்திரமல்ல' என்று வெளிப்படையாகவே எழுதுகிறது. அங்கே மூலத்தில் அந்தச் சொல் இருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து பொதுச்சங்கத்தில் 1547 ஜனவரியில் தன் பதிலை வெளியிட்டது. மனிதனின் ஒத்துழைப்பு எதுவும் தேவையில்லை என்ற பொருளில் 'விசுவாசத்தால் மட்டும்' என்று சொல்வதை அது கண்டித்தது. ஆனால் அதே ஆவணத்தின் முதல் விதி, கடவுளின் அருள் இல்லாமல் தன் செயலால் மட்டும் மனிதன் நீதிமானாக முடியும் என்று சொல்பவரையும் கண்டிக்கிறது. 'கத்தோலிக்கர் புண்ணியம் சேர்த்துச் சொர்க்கத்தை வாங்கப் பார்க்கிறார்கள்' என்று பேசுவோர் இந்த முதல் விதியைப் படிப்பதில்லை.

பிறகு நடந்ததுதான் நம் தோட்டங்களுக்கும் தாமான்களுக்கும் இன்னும் வந்து சேராத செய்தி. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதி எதனாலும் அல்ல, அருளால், கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தால் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். அவரே நம் இதயத்தைப் புதிதாக்கி நற்செயலுக்கு அழைக்கிறார் என்பது இரு தரப்பும் சேர்ந்து சொன்னதன் சுருக்கம். அந்த அறிக்கையில் சொல்லப்பட்டபடி போதிக்கும்வரை 16-ஆம் நூற்றாண்டின் பரஸ்பரக் கண்டனங்கள் பொருந்தா என்றும் ஒத்துக்கொண்டார்கள். 2006-இல் சியோலில் உலக மெதடிஸ்ட் பேரவை இதில் இணைந்தது. 2017-இல் சீர்திருத்தச் சபைகளின் உலக அமைப்பும் இணைந்தது. எல்லாரும் ஏற்கவில்லை, லூத்தரன்களில் சில சபைகள் மறுத்தன, பெந்தெகொஸ்தே சபைகளும் தனிச் சபைகளும் இதில் பங்காளிகள் அல்ல. ஆனாலும் கத்தோலிக்கப் பாட்டியும் மெதடிஸ்ட் மகனும் எந்தக் கேள்வியில் முகம் திருப்பிக்கொள்கிறார்களோ, அதில் அவர்களின் தலைமைகள் 2006-லேயே அடிப்படை உடன்பாட்டுக்கு வந்துவிட்டன.

குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும்

இதெல்லாம் வெள்ளைக்காரர் சண்டை என்று நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு செய்தி. லூத்தர் பிறப்பதற்கு முன்பே தமிழ்நாட்டில் இதே கேள்வி வைணவர்களை இரண்டாகப் பிரித்துவிட்டது. வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார், இறைவன் அருளைப் பற்றிக்கொள்ள உயிர் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றார்கள்: தாயின் வயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும் குரங்குக் குட்டிபோல. பிள்ளை லோகாசாரியரையும் மணவாள மாமுனிகளையும் பின்பற்றிய தென்கலையார், குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய்ப்பூனை தானே வாயில் கவ்விக்கொண்டு போகும் என்றார்கள். மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று அவற்றுக்குப் பெயர். சரணாகதி என்பது நாம் செய்யும் செயலா, அவன் செய்வதை மறுக்காமல் இருப்பதா? ரோமர் நிருபத்தின் உரையாசிரியர்கள் கேட்கும் கேள்வியேதான். இரண்டு சமயங்களும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆழ்வார்களின் திருமாலும் பவுலின் கிறிஸ்துவும் வேறு வேறு. ஆனால், அருள் பெரிதா முயற்சி பெரிதா என்ற கேள்வி தமிழனுக்கு அந்நியமானதல்ல.

தோட்டத்துக் காதுக்கு எட்டும் கதை மத்தேயு 20-இல் இருக்கிறது. திராட்சைத் தோட்ட முதலாளி காலையிலேயே ஆள் பிடிக்கிறார். பிறகு நண்பகலிலும், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் ஆள் எடுக்கிறார். மாலையில் எல்லாருக்கும் ஒரே கூலி. விடியலில் பெரட்டுக்கு நின்று, நாள் முழுக்கப் பால் வெட்டி, கிராணி எடைபார்த்துக் கணக்கெழுதும்வரை காத்திருந்த தலைமுறை இதைக் கேட்டால் என்ன சொல்லும்? கதையிலேயே காலையில் வந்தவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள்: வெயிலைத் தாங்கிய எங்களுக்கும் இவர்களுக்கும் ஒரே கூலியா? முதலாளி அவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறைக்கவில்லை. கடைசியில் வந்தவருக்குக் கொடுத்தது கணக்கில் வராத கொடை. இந்தக் கதையைக் கேட்டுக் கோபம் வராதவருக்கு 'கிருபை' என்ற சொல் இன்னும் புரியவில்லை என்றே சொல்வேன். சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கிய கள்ளன் கடைசி மணி நேரத்தில் வந்த ஆள்தான். ஒரு நற்செயலும் செய்ய அவனுக்கு நேரமில்லை. லூக்கா 23-இல் அவனுக்குத்தான் பரதீசு வாக்களிக்கப்படுகிறது.

வலிக்கும் இடங்கள்

இந்தப் போதனை ஏட்டில் இருக்கும்வரை பிரச்சினையில்லை. அது நோயாளியின் படுக்கைக்கு வரும்போது பார்க்க வேண்டும். 'விசுவாசம் குறைவு, அதனால்தான் குணமாகவில்லை' என்று நீரிழிவிலும் புற்றுநோயிலும் படுத்திருப்பவரிடம் சொல்லும் வழக்கம் சில கூட்டங்களில் இருக்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விசுவாசம் ஈவு என்பதுதான் எபேசியர் 2. அதையே அளந்து, 'இவ்வளவு வைத்தால் இவ்வளவு கிடைக்கும்' என்று சொன்னால் அது மறுபடியும் கூலிக் கணக்காகிவிடுகிறது. பவுல் எதை எதிர்த்தாரோ அதே அனுமதிச் சீட்டை வேறு பெயரில் நீட்டுகிறார்கள். பவுல் தன் உடலிலிருந்த ஒரு 'முள்' நீங்க மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை என்று 2 கொரிந்தியர் 12-இல் எழுதியிருக்கிறார். அவருக்கா விசுவாசம் குறைவு? மாத்திரையை நிறுத்து என்று யாராவது சொன்னால், இந்த அதிகாரத்தைத் திறந்து காட்டலாம்.

இனி, தாத்தாவைப் பற்றிய கேள்வி. அவர் கடைசிவரை திருநீறு பூசியவர். பேரப்பிள்ளைகள் ஞானஸ்நானம் எடுத்தவர்கள். இதில் சபைகளின் பதில் ஒன்றல்ல. தன் குற்றத்தால் அன்றி நற்செய்தியை அறியாமல், மனச்சாட்சியின்படி நேர்மையாகக் கடவுளைத் தேடியவர்களும் மீட்படைய முடியும் என்று கத்தோலிக்கத் திருச்சபை 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருச்சபை பற்றிய ஆவணத்தில் கூறியது. நற்செய்திப் பணியை முன்னிறுத்தும் சபைகளில் பல, அப்போஸ்தலர் 4:12-ஐயும் ரோமர் 10:9-ஐயும் காட்டி, இயேசுவை அறிந்து அறிக்கையிடுவது அவசியம் என்று போதிக்கின்றன. அதே சபைகளிலும் சிலர், முடிவைக் கடவுளிடம் விட்டுவிடுவதே முறை என்பார்கள். இந்த வேறுபாட்டை மழுப்பிப் பயனில்லை. ஆனால் மரண வீட்டில் பெட்டி இன்னும் எடுக்கப்படாதபோது அதைப் பேசுவது வேறு விஷயம். அந்த நேரத்தில் வசனம் அனுப்புகிறவருக்கு யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தைப் பரிந்துரைக்கலாம். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்க ஆள் தேவைப்படும்.

'நீயும் உன் வீட்டாரும்' என்ற அப்போஸ்தலர் 16:31-உம் இப்படிப்பட்ட குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் வசனம். ஒருவர் நம்பினால் வீடு முழுவதும் தானாகவே சேர்ந்துவிடும் என்று சிலர் இதை உறுதிச்சீட்டுபோல் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். இடம் பிலிப்பி நகரச் சிறை. நிலநடுக்கத்தில் கதவுகள் திறந்துவிட, கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று நினைத்துத் தற்கொலைக்குத் துணிந்த சிறை அதிகாரியிடம் சொல்லப்பட்டது இது. அடுத்த வசனத்தில் அவருக்கும் அவர் வீட்டிலிருந்த அனைவருக்கும் போதனை நடக்கிறது. அதற்கடுத்ததில் அந்த இரவிலேயே அவர் கைதிகளின் காயங்களைக் கழுவுகிறார், பிறகு ஞானஸ்நானம், பிறகு தன் வீட்டில் அவர்களுக்குச் சாப்பாடு. சுவரில் மாட்டிய ஒரு வரியில் இவை எதுவும் தெரியாது.

கலாத்தியர் 6 அதிகாரம், 149 வசனம். யாக்கோபு 5 அதிகாரம், 108 வசனம். இரண்டையும் ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம். வீட்டில் பழைய திருப்புதலும் திருவிவிலியமும் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 'கிரியை' வரும் இடத்தில் மற்றதில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். திருவிவிலியம் பாட்டியின் அறையில் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.